பழைய கணனி புதிய இயங்குதளத்தைத் தாங்குமா?



பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்வோம். அங்குள்ள மாதர் சங்கத்திடம் ஒரு பழைய கணனி இருக்கிறது. அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்குகள் எல்லாம் அதற்குள்தான். ஒருநாள் செயலாளராக இருக்கும் பெண்பிள்ளை தலைவியிடம் வந்து, "அக்கா, நம்ம விண்டோஸ் 10க்கு இனி ஆதரவு இல்லைன்னு திரையில வருது. டவுன்ல கேட்டேன். இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கச் சொல்றாங்க" என்கிறாள். "புதுசா? பிள்ளைங்க ரியூசனுக்குச் சேர்த்த காசைத்தானே எடுக்கணும், தங்கச்சி?" என்று தலைவி கேட்கிறாள்.

இந்தக் கேள்வி பல சங்கங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் பொதுவானது. எனவே காசை எடுப்பதற்கு முன் நாமே எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

1. நடந்தது என்ன?

கணனியின் எல்லாப் பாகங்களையும் ஒன்றுசேர்த்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29 அன்று வெளியிட்டது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5 அன்றே வெளிவந்துவிட்டது.

ஆதரவு முடிந்ததால் கணனி நின்றுபோகாது. அது வழக்கம்போல் திறக்கும், எழுதும், அச்சிடும். ஆனால் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது அவற்றை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. கூரைத் தகரம் இன்று ஒழுகாமல் இருக்கலாம், ஆனால் இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வரமாட்டார் என்பது போன்ற நிலை இது. இணையத்தோடு இணைக்கும் கணனிக்கும், பலருடைய பென் டிரைவ் வந்துபோகும் கணனிக்கும் ஆபத்து அதிகம்.

2. சோதனைக்கு முன் பிரதி எடுங்கள்

முதல் வேலை இதுதான். கணக்குகள், கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளாக எடுங்கள். ஒரு பிரதி கணனி உள்ள அறையில் இருக்கலாம். மற்றது வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியதைக் கண்ட நமக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் பலரிடம் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். ஆகவே ஆவணங்களோடு பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதி எடுத்து வையுங்கள். புதிய இயங்குதளத்தில் அதை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

3. விண்டோஸ் 11 கேட்பவை

அ. 64 பிட் முறையில் இயங்கும், குறைந்தது இரண்டு கருக்கள் கொண்ட, 1 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள செயலி. அது நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலிலும் இருக்க வேண்டும்.
ஆ. 4 ஜிகாபைட் நினைவகம்.
இ. 64 ஜிகாபைட் வன்தட்டு.
ஈ. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதி. இரகசியத் திறவுகோல்களைப் பூட்டி வைப்பது இதன் வேலை.
உ. யு.ஈ.எஃப்.ஐ. முறையும், 'செக்கியூர் பூட்' வசதியும். கணனி திறக்கும்போது களவாக வேறு மென்பொருள் முந்திக்கொள்ளாமல் இவை தடுக்கும்.

4. சோதிக்கும் முறை

முதலாவது: 'செட்டிங்ஸ்' சென்று 'சிஸ்டம்', பிறகு 'அபவுட்' என்பதைத் திறவுங்கள். செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் அங்கே இருக்கும். கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டெல் செயலியாயின் பெயரிலுள்ள இலக்கங்கள் அதன் தலைமுறையைச் சொல்லும். 'கோர் ஐ5-3470' என்றால் சிறு கோட்டுக்குப் பின்வரும் 3 மூன்றாம் தலைமுறையைக் குறிக்கும். 'ஐ5-8250' என்றால் எட்டாம் தலைமுறை. 'ஐ5-10210' என்றால் பத்தாம் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே விண்டோஸ் 11க்கு ஏற்றவை. 2017இன் பிற்பகுதியில்தான் எட்டாம் தலைமுறை வந்தது என்பதால், அதற்கு முன் செய்த கணனிகள் பெரும்பாலும் தேறமாட்டா.

இரண்டாவது: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ரி.பி.எம். என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, எம்.எஸ்.சி. என்று சேர்த்து அடியுங்கள். திறக்கும் பக்கத்தில் 2.0 என்று இருந்தால் நல்லது. காணப்படவில்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணனிகளில் இப்பகுதி இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணனிகளில் பி.ரி.ரி. என்றும், ஏ.எம்.டி. கணனிகளில் எஃப்.ரி.பி.எம். என்றும் பயோஸ் பக்கத்தில் அதைக் காணலாம். விபரம் தெரிந்தவரைக் கொண்டு அதை இயக்குவியுங்கள்.

மூன்றாவது: மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் 'பீசி ஹெல்த் செக்' என்னும் மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். எது சரி, எது குறை என்று அது ஒவ்வொன்றாகக் காட்டும். ஏ.எம்.டி. செயலிகளுக்கு இதன் முடிவையே நம்புங்கள்.

5. முடிவு செய்வது எப்படி?

எல்லாம் சரியானால், உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள கணனிக்கு விண்டோஸ் 11 இலவசம். அதற்காக யாரும் உரிமக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இறக்க வேண்டிய கோப்பு பல ஜிகாபைட் அளவுடையது. எனவே நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை 8 ஜிகாபைட் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு பல கணனிகளில் நிறுவலாம்.

நினைவகமோ வன்தட்டோ மட்டும் குறைவானால் அவற்றை மாற்றலாம். புதுக் கணனியின் விலையோடு பார்த்தால் இச்செலவு சிறியது. ரி.பி.எம். அணைந்திருந்தால் செலவே இல்லை.

செயலியே பழையதானால் அதை மாற்றுவது பெரும்பாலும் பயன் தராது. தடையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி ஏற்றிய கணனிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு நிறுவனம் உத்தரவாதம் தருவதில்லை. சங்கக் கணக்கை அதில் வைக்க வேண்டாம். இவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு:

• விண்டோஸ் 10க்கான நீடித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம். தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று நிறுவனம் இதை அறிவித்தது. இது சற்று மூச்சுவிட நேரம் தரும், அவ்வளவுதான்.

• லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம். இதற்கு 2 ஜிகாபைட் நினைவகமே போதும், 4 இருந்தால் நலம். வன்தட்டில் 20 ஜிகாபைட் இடம் வேண்டும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அதிலுள்ள லிப்ரே ஒஃபிஸ் நமது வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும். உங்கள் அச்சுப்பொறி அதில் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• இணையம் இல்லாமல், கணக்கு எழுத மட்டும் பாவிப்பது. அப்போது வெளியார் பென் டிரைவ்களை அதில் செருக விடக்கூடாது.

6. கவனிக்க

இயங்குதளத்தை மாற்றும்போது இடையில் மின்சாரம் நின்றால் கணனி திறக்காமல் போகலாம். இடியும் மின்னலும் உள்ள பின்னேரங்களில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். யு.பி.எஸ். இருந்தால் பாவியுங்கள். மடிக்கணனியானால் பற்றரியை நிரப்பி, மின் இணைப்பிலும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பாவித்த கணனி வாங்குவதானால் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே மேற்கூறிய சோதனைகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். விலை மலிவாக இருப்பதன் காரணம் அப்போது தெரிந்துவிடும்.

நமது மாதர் சங்கத்தின் கணனி ஆறாம் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். அது விண்டோஸ் 11ஐத் தாங்காது என்று கடைக்காரர் சொன்னது உண்மையே. ஆனால் தூக்கி எறிய வேண்டும் என்பது உண்மையல்ல. லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்து, கணக்குக் கோப்பும் பாமினிக் கடிதங்களும் சரியாகத் திறந்தால், பிள்ளைகளின் ரியூசன் காசைத் தொடத் தேவையில்லை. இதைத் தலைவி மட்டும் தீர்மானிக்காமல், சோதனை முடிவை எழுதிய கொப்பியைக் கூட்டத்தில் வைத்து எல்லோருமாகத் தீர்மானிப்பதே முறை. காசு எல்லோருடையதுமல்லவா?

குழுவில் கலந்துரையாட

1. நமது சங்கத்தின் கணக்குகளுக்கு வேறு இடத்தில் பிரதி இருக்கிறதா? யாரிடம்?
2. நமது கணனியின் செயலி எந்தத் தலைமுறை? குறைகளில் எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்ற முடியாது?
3. இச்சோதனையைக் கற்றுக்கொண்டு பக்கத்து டிவிசனிலும் செய்து கொடுக்க நம் இளைஞர்களில் யார் முன்வருவார்?