தப்பிப்போன செல்லையும் கணக்கில் வை

அன்புத் தம்பிக்கு,

வீரகேரளம்புதூரிலிருந்து கிளம்பிப் போய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாய், ஒற்றை ஈஸ்ட் செல்லின் முதுமையைத்தான் படிக்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. ஈஸ்ட்டுக்கும் வயசாகுமா என்று ஊரில் கேட்பார்கள். ஆகும். தாய்ச் செல் மொட்டு விட்டு மகளை ஈனும். சராசரியாக இருபத்தைந்து தடவை ஈன்றதும் ஓய்ந்துவிடும். ஈனுவதற்கு ஒரு வரம்பு உண்டு என்று மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் 1959-லேயே காட்டிவிட்டார்கள். பழைய முறையில் பிறக்கிற மகளையெல்லாம் நுண்ணூசியால் ஒதுக்க வேண்டும். நீ தூங்கும்போது மகள் பிறந்துவிடாமல் இருக்க, தூங்கப் போகுமுன் செல்கள் உள்ள தட்டை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். 2012 வாக்கில் வந்த மைக்ரோஃப்ளூயிடிக் சில்லுகளில் அந்த வேலையை ஓடுகிற திரவமே செய்கிறது. சிற்றாறு பாறையை விட்டுவிட்டுச் சருகை மட்டும் அடித்துப் போவதுபோல, பெரிய தாய் சில்லில் உள்ள கண்ணியில் நிற்கும், சிறிய மகள் போய்விடும்.

முதலில் கை பழகட்டும். சில்லு செய்யச் சிலிகோனையும் இறுக்கியையும் பத்துக்கு ஒன்று கலந்து அச்சில் ஊற்றினால், குமிழி முழுக்க அடங்கிய பிறகே ஓவனில் வை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வளர்ப்பு ஊடகத்தை அப்படியே குழாயில் மாட்டாதே. 30 டிகிரிக்கு வரும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகக் கிளம்பும். ஒரு குமிழி போதும், கண்ணியில் இருக்கிற செல்களை வாரிக்கொண்டு போக.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என மூன்று நாளைக்கு மேல் எடுத்துவிட்டு எண்ண உட்காரும்போதுதான் உன் நேர்மைக்குச் சோதனை. பதினான்காவது மகளை ஈன்றபின் ஒரு செல் நழுவிப்போனால், அதன் ஆயுள் குறைந்தது 14. அவ்வளவுதான் உனக்குத் தெரியும். இறந்தது என்று எழுதினால் சராசரி ஆயுள் கணக்கு கீழே இறங்கும். பட்டியலிலிருந்து தூக்கிவிட்டாலும் இறங்கும்: நெடுநாள் வாழ்கிற செல்லுக்குத்தானே நழுவ அதிக வாய்ப்பு? 'இதுவரை இருந்தது' என்று குறித்துச் சேர்த்துக்கொள்ளத்தான் கப்லான்-மையர் முறை இருக்கிறது.

சராசரியிடமும் உஷாராக இரு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020-ல் காட்டியது இது: ஒரே மரபணு, ஒரே உணவு, ஆனாலும் சில செல்களில் நியூக்ளியோலஸ் சீர்குலைகிறது, மற்றவற்றில் மைட்டோகாண்ட்ரியா. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து அளந்திருந்தால் இரண்டு வழி இருப்பதே தெரிந்திருக்காது. தெரிந்ததால்தான், 2023-ல் அதே குழுவால் செல்லை இரண்டுக்கும் நடுவே ஊசலாட வைத்து ஆயுளை 82 சதவீதம் கூட்ட முடிந்தது.

இதைக் கேட்டு யாராவது இளமை மருந்து எப்போது வரும் என்பார்கள். ஈஸ்ட்டில் நடந்ததை ஈஸ்ட்டில் நடந்ததாகவே சொல். சிதம்பரத்தில் பிறந்த உயிரியலாளர் வெங்கி ராமகிருஷ்ணன் 2024-ல் வெளியிட்ட 'ஒய் வி டை' நூலைப் படி. முதுமை ஆராய்ச்சியில் சரக்கையும் ஆரவாரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுவாய்.

முதல் சோதனை முடிந்ததும் எனக்கு எழுது. ஆயுள் வரைபடம் பிறகு வரட்டும். நழுவிப்போன செல்கள் எத்தனை, எந்த வயதில் என்கிற பட்டியலை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்