புற்றுநோய்: கணக்கும் கருணையும்

(பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)



நம் பள்ளி வாயிலில் நாள்தோறும் நம்மை வரவேற்கும் ஆயாம்மாவை அறியாத மாணவி இல்லை. சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று பின்னர்த் தெரிந்தது. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் உதிரம் பட்டிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரைக் காணச் சென்றபோது, "ஏன் ஆயாம்மா சொல்லல?" என்று கேட்டோம். "யார்கிட்ட கண்ணு சொல்றது? வயசான காலத்துல இதப் போய் வாய விட்டுச் சொல்ல முடியுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரையாயிற்று.

புற்றுநோய் என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவை தேவைக்கேற்பப் பிரிந்து பெருகும். தேவை முடிந்ததும் நின்றுவிடும். ஏதோ ஓர் அணுவில் இந்தக் கட்டுப்பாடு பழுதுபட்டு, அது நிற்காமல் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். தொடக்கத்தில் ஓரிடத்தில் இருக்கும் கட்டி, நாளடைவில் இரத்தம், நிணநீர் ஆகியவற்றின் வழியே பிற உறுப்புகளுக்கும் செல்லும். ஓரிடத்தில் இருக்கும்போது கண்டால் நீக்குவது எளிது. பரவிய பின் கண்டால் கடினம். "முளையிலே கிள்ளி எறி" என்று நம் பாட்டிமார் சொல்வது இந்நோய்க்கு மிகவும் பொருந்தும்.

அடையாற்றில் ஒரு தொடக்கம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவருள் ஓர் உறுதியாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு பணி தொடங்கியது.

முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்குப் பணியாற்றினார். 1955-இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த பதவியை ஏற்காமல் இச்சிறு நிலையத்தைத் தேர்ந்துகொண்ட அவர், 2021 ஜனவரியில் மறையும் வரை அதனோடே வாழ்ந்தார். 2005-இல் மகசேசே விருதும், 2016-இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 1984-இல் அந்நிலையத்தில் புற்றுநோய் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்று நாட்டின் பல மாநிலங்களிலும் பணிபுரியும் புற்றுநோய் மருத்துவர்கள் பலர் அங்குப் பயின்றவர்கள்.

ஏன் எண்ண வேண்டும்?

திருவள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரமே வகுத்தார். நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தைக் கண்டு, பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. ஓர் உடலுக்குச் சொன்ன இம்முறை ஓர் ஊருக்கும் பொருந்தும். ஊரின் நோயை அறியக் கணக்கு வேண்டும்.

1982 ஜனவரி முதல் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய 3 நகரங்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டப்படி புற்றுநோய்ப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. சென்னையில் அப்பொறுப்பை அடையாறு நிலையம் ஏற்றது. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை தோறும், ஆய்வுக்கூடந்தோறும் சென்று விவரம் திரட்டினர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் பார்த்தனர். ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றிருந்தால் அவரை ஒருமுறை மட்டுமே எண்ண வேண்டும். பெயர், வயது, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுச் சலித்தெடுப்பது மிகுந்த பொறுமை வேண்டும் வேலை.

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு

"இந்த மருத்துவமனையில் ஆண்டுக்காண்டு நோயாளிகள் கூடுகிறார்கள், ஆகவே நோய் பெருகிவிட்டது" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். இது சரிதானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் 1,00,000 பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆண்டில் அவர்களுள் 20 பேருக்கு ஒரு நோய் வருகிறது. பத்தாண்டுகள் கழித்து அவ்வூரில் 1,50,000 பெண்கள். நோயாளிகள் 24 பேர். எண்ணிக்கை 20-லிருந்து 24-ஆக உயர்ந்தது. ஆனால் இலட்சத்துக்கு எத்தனை பேர் என்று வகுத்தால் 20-லிருந்து 16-ஆகக் குறைந்துவிட்டது! எண்ணிக்கையைப் பார்த்தவர் அஞ்சுவார். விகிதத்தைப் பார்த்தவர் மகிழ்வார். ஆயினும் படுக்கை போட வேண்டியவருக்கு 24 பேரும் 24 பேரே. ஆகவே இரண்டு கணக்கும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் வயதோடு கூடுவது. முதியோர் மிகுந்த ஊரில் நோயாளிகளும் மிகுதியாக இருப்பர். இளையோர் மிகுந்த ஊரோடு அதை அப்படியே ஒப்பிடுவது நியாயமன்று. இதற்காகவே 'வயது சீராக்கிய விகிதம்' என்று ஒன்றைக் கணக்கிடுகின்றனர்.

நம் புறநகர் எந்தக் கணக்கில்?

சென்னைப் பதிவேடு தொடங்கியபோது அது அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோரை மட்டுமே எண்ணியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை எல்லைக்கு வெளியே இருந்தன. ஆவடியிலிருந்து ஒரு தாய் அடையாறு சென்று சிகிச்சை பெற்றால், மருத்துவமனையின் ஏட்டில் அவர் பெயர் ஏறும். சென்னை நகரின் விகிதத்தில் ஏறாது. இது புறக்கணிப்பு அன்று. வகுக்கும் மக்கள்தொகையில் இல்லாதவரை நோயாளிகளின் தொகையில் சேர்த்தால் கணக்கே பிழையாகிவிடும். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 2012-இல் வந்தபின், நம் பகுதித் தாய்மாரும் ஏதேனும் ஒரு கணக்கில் இடம் பெறலாயினர்.

நாற்பது ஆண்டுகள் சொல்வது என்ன?

1980-களில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அதன் விகிதம் படிப்படியாக இறங்கி, இன்று அந்நாளில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் அதே காலத்தில் ஏறி, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதனை முந்தியது.

முன்னது குறைந்ததற்குத் திருமண வயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, தண்ணீர் வசதியும் தூய்மையும் கூடியது ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கின்றனர். பெண் கல்வி இவற்றுக்கெல்லாம் அடிப்படை. பின்னது கூடியதற்குத் தாமதமான முதற்பேறு, தாய்ப்பால் கொடுக்கும் காலம் குறைந்தது, உடல் எடை, உடலுழைப்புக் குறைவு, ஆயுள் நீண்டது ஆகியவற்றைக் கூறுகின்றனர். இவை பெருந்திரளான மக்களைப் பற்றிய உண்மைகள். தனி ஒருவரைச் சுட்டி, "உனக்கு இதனால்தான் வந்தது" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

குறைந்தது என்றதும் ஓய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறக்குறைய 14 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் மட்டும் 1,27,000 பேருக்கு வந்தது. அந்நோயால் அவ்வாண்டு இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர்.

கன்னியர் மடத்துக் கணக்கு

கணக்கு எவ்வாறு காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை இறந்தோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 1842-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மணமான பெண்களிடம் மிகுந்திருந்த கருப்பைப் புற்றுநோய் கன்னியரிடம் அரிதாக இருந்தது. மார்பகப் புற்றுநோயோ கன்னியரிடமே மிகுந்திருந்தது. ஏன் என்று அவர் காலத்தில் தெரியவில்லை. ஆனால் கேள்வி பிறந்துவிட்டது.

விடை வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் 'ஹெச்.பி.வி.' என்னும் வைரஸ் என்று ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன் காட்டினார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் இல்லற உறவின் வழியே பரவுவது. மிகப் பலருக்கும் வந்து தானே நீங்கிவிடுவது. சிலர் உடலில் மட்டும் பல்லாண்டு தங்கித் தீங்கு செய்கிறது. ஆதலால் இந்நோய் வந்தவரை இழிவாக எண்ணச் சிறிதும் இடமில்லை. இவ்வைரஸைத் தடுக்க இன்று தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது நம் தங்கைமாரின் வயது என்பதைப் பெற்றோர் கருத வேண்டுகிறோம்.

கவனிப்பின் நான்கு தூண்கள்

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். ஆயாம்மாவின் சிகிச்சையில் இந்நான்கையும் கண்டோம்.

அவருக்குச் சதைப் பரிசோதனை செய்தபின், பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசிச் சிகிச்சையை முடிவு செய்தனர். நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர் சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் என ஐந்து வாரங்களுக்கு மேல் சென்றார். அம்பத்தூரிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய்வருவது நோயைவிடப் பெரிய சோதனை. இடையில் நிறுத்தினால் சிகிச்சையின் பயன் குறைந்துவிடும். "இன்னிக்கு ஒருநாள் வேணாம்டி" என்று அவர் சொன்ன நாட்களில் மகள் விடவில்லை. அந்த மகளே நான்காவது தூண்.

செலவை எண்ணி அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியார் மருத்துவமனைகளிலும் உதவுகிறது. புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க மருந்து உண்டு. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற நிலை ஒருபோதும் இல்லை.

மூன்று தவறான நம்பிக்கைகள்

1. "புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும்." இல்லை. நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணலாம். குழந்தையை அவர் மடியில் விடலாம்.

2. "கத்தி பட்டால் பரவிவிடும்." இல்லை. பெரும்பாலான புற்றுநோய்களைச் சதைப் பரிசோதனையின்றி உறுதி செய்ய முடியாது.

3. "வலி இல்லாவிட்டால் கவலை இல்லை." இதுவே மிகக் கொடியது. தொடக்க நிலையில் மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் தடை, நீங்காத இருமல், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 30 வயதைக் கடந்த பெண்கள், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதனை செய்துகொள்ளலாம். சில நிமிடங்களில் முடிவது, கட்டணம் இல்லை. ஆடவர்க்கும் ஒரு வேண்டுகோள்: புகையிலை, பான் மசாலா, பீடி, சிகரெட்டு ஆகியவற்றை விட்டுவிடுங்கள், அப்பா.

ஆயாம்மா இப்போது மீண்டும் வாயிலில் அமர்ந்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்குச் செல்கிறார். ஓராண்டு முன்னரே வந்திருந்தால் இத்தனை துன்பம் இருந்திராது என்று மருத்துவர் கூறினாராம். முழுதும் குணமாயிற்றா என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே உறுதியாகச் சொல்ல முடியும்.

"யார்கிட்ட கண்ணு சொல்றது?" என்ற அவர் கேள்விக்கு இன்று எங்களிடம் விடை உண்டு: "எங்களிடம் சொல்லுங்கள்." தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் இக்கட்டுரையை அம்மாவுக்கும் பாட்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். சிறிது நேரம் அவர்கள் அருகில் இருங்கள். அவர்களுக்கு ஏதேனும் சொல்ல வேண்டியிருக்கலாம்.