பொதுச் சந்தையும் வாழைப்பழமும்

‘ஐரோப்பியப் பொதுச் சந்தை’ என்ற பெயரை நம் கல்லூரி நூலகத்துப் பழைய பொருளாதார நூலொன்றில் முதன்முதலாகப் படித்தபோது, எங்கள் ஊர் செவ்வாய்ச் சந்தைதான் என் நினைவுக்கு வந்தது. அங்கே வாழைத்தார் விற்பவர் என் தந்தையார். வேதியியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அந்நூலில் வாழைப்பழத்தைப் பற்றி இருந்த ஒரு பத்தியே காரணம்.

1957-இல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1968-இல் இவற்றுக்கிடையே சுங்க வரி நீங்கியது. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே வரி என்றாயிற்று. ஒரு நாடு மட்டும் தனியே வரியைக் குறைத்தால், அதன் துறைமுகம் வழியாகச் சரக்கெல்லாம் மற்ற நாடுகளுக்குள் புகுந்துவிடுமல்லவா? எனவே வெளியாருடன் வணிகம் பேசும் உரிமையை உறுப்பு நாடுகள் விட்டுக்கொடுத்தன. இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதுவே முறை. அமைச்சர் அவை அனுமதி தர, பிரஸ்ஸல்ஸிலுள்ள ஆணையம் பேச்சு நடத்துகிறது. 2009-இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பின் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இசைவும் தேவை.

ஏட்டில் இது எளிது. வாழைப்பழத்தில்தான் சிக்கல். மேற்கு ஜெர்மானியர் இலத்தீன் அமெரிக்கப் பழத்தை வரியின்றி வாங்கி உண்டவர்கள். அதை விட மனமில்லாமல், ரோம் உடன்படிக்கையிலேயே வாழைப்பழத்துக்கென ஒரு தனி இணைப்பைச் சேர்க்கச் செய்தனர்! பிரான்சு தன் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் பழத்தை ஆதரித்தது. 1973-இல் சேர்ந்த பிரிட்டன், ஜமைக்கா, செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற கரீபியத் தீவுகளின் பழத்தை வாங்கி வந்தது. 1975-இல் லோமே நகரில் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46 உடன் செய்த ஒப்பந்தத்தில், வாழைப்பழத்துக்குப் பழைய சந்தையில் இருந்த இடம் முன்னைவிடக் கெடாது என்று உறுதி கூறப்பட்டது.

1993-இல் உள் எல்லைகள் நீங்கவே, பழத்துக்கும் ஒரே விதி தேவைப்பட்டது. இலத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு 20 இலட்சம் டன் என அளவு வகுத்து, அதற்கு மேல் வந்தால் கடும் வரி விதித்தனர். தீவுகளின் பழத்துக்குக் குறித்த அளவுவரை வரியில்லை. ஜெர்மனி எதிர்த்தது, ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்து 1994-இல் தோற்றது. தோற்றபின் அவ்விதியையே தன் துறைமுகத்தில் அமல்படுத்தவும் வேண்டியதாயிற்று.

1996-இல் ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகியவை உலக வணிக அமைப்பில் முறையிட்டன. இலத்தீன் அமெரிக்கப் பழத்தை விற்கும் பெரிய கம்பெனிகள் தன்னுடையவை என்பதால் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. 1997-இல் தீர்ப்பு ஒன்றியத்துக்கு எதிராயிற்று. 1999-இல் அமெரிக்கா, சுமார் 19 கோடி டாலர் பெறுமான ஐரோப்பியப் பொருள்களுக்கு நூறு விழுக்காடு வரி போட்டது. ஆனால் வாழைப்பழ விதியை எதிர்த்து வாக்களித்த டென்மார்க், நெதர்லாந்து இரண்டையும் விட்டுவிட்டது! ஒரே குரல் என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே யார் எப்பக்கம் என்பதை வெளியார் கவனித்தே வைத்திருக்கிறார்கள்.

வணிகத்திலாவது இந்த ஒரே குரல் உண்டு. வெளியுறவில் பெரும்பாலும் எல்லாரும் ஒருமனப்பட்டாலன்றி முடிவில்லை. 2003-இல் ஈராக் போரின்போது பிரிட்டனும் ஸ்பெயினும் ஒரு பக்கம், பிரான்சும் ஜெர்மனியும் மறுபக்கம் நின்றன. வரியை ஒப்படைத்தவர்கள் படையை ஒப்படைக்கவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை.

2009-இல் ஜெனிவாவில் சமரசம் ஏற்பட்டது. இலத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு டன்னுக்கு 176 யூரோவாக இருந்த வரியைப் படிப்படியாக 114 யூரோவாகக் குறைக்க ஒன்றியம் இசைந்தது. பெரும் தோட்டங்களின் பழம் மலிவு. செயின்ட் லூசியாவின் மலைச்சரிவில் ஓரிரு ஏக்கர் பயிரிடுபவருக்கு அந்த விலை கட்டாது. வழக்கில் அத்தீவு மூன்றாம் தரப்பாகத்தான் அமர்ந்திருந்தது. லோமே உறுதியை நம்பிக் கன்று நட்டவர்கள் இவர்களே.

இதை என் தந்தையாரிடம் விளக்கிச் சொன்னேன். ஆணையம், அவை எதையும் அவர் கேட்கவில்லை. “அந்தத் தீவுக்காரன் தாரை வேறெங்கே கொண்டுபோய் இறக்குவான்?” என்றார். சிலர் நியாய வணிக முத்திரை பெற்றுப் பிரிட்டனுக்கே அனுப்பினர். பலர் வாழையையே விட்டுவிட்டனர் என்றேன்.