கைத்தொலைபேசியும் இடப் பஞ்சமும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, வழக்கம்போல இலக்கணத்திலோ காப்பியத்திலோ ஒரு பகுதியை எடுத்து விளக்குவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும், பரிசளிப்பு விழாவன்று எமக்கு நேர்ந்த இழப்பொன்று மனத்தை விட்டகலாமையின், அதனோடு தொடர்புடைய பொருளையே ஈண்டு எடுத்துக்கொண்டோம். கைத்தொலைபேசியினுள்ளே அளவாக அமைந்த சேமிப்பிடத்தை எவ்வாறு ஆளுதல் வேண்டும் என்பதே அப்பொருள். தமிழாசிரியர்க்கு இது புறம்பான துறையன்றோ எனச் சிலர் வினவலாம். ஏடு பேணுதல் எம்மவர்க்கு என்றும் புறம்பான துறையாயிருந்ததில்லை.

நிகழ்ந்தது இதுவே. விழா மண்டபத்தில் மாணாக்கர் வரவேற்புப் பாடலுக்கு எழுந்து நின்றனர். அதனைக் காணொளியாகப் பதிய முனைந்தோம். இடம் போதாதெனக் கருவி அறிவித்தது. பாடல் தொடங்கிவிடும் என்னும் பரபரப்பில், கோப்புப் பட்டியலைத் திறந்து, பழையனவாய்த் தோன்றிய சிலவற்றை நீக்கினோம். நீக்கிய பின்னரும் இடம் பெருகவில்லை. நீக்கிய கோப்புகள் குப்பைக்கூடையிற் கிடந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனையும் வெறுமையாக்கினோம். பாடல் பதிவாயிற்று, மகிழ்ந்தோம்.

சில கிழமைகள் கழிந்தன. எமக்குத் தமிழும் சைவமும் கற்பித்தவரும், சென்ற ஆண்டு சிவபதமெய்தியவருமான பண்டிதரின் மகளார் எம்மிடம் வந்தார். தந்தையாரின் ஆட்டைத் திவசத்தன்று அவர் குரலை வீட்டார் அனைவரும் கேட்க விரும்புவதாகவும், யாம் முன்னர்ப் பதிந்ததைத் தந்துதவுமாறும் கேட்டார். ஈராண்டுகளுக்கு முன், அவர் இல்லத்துத் திண்ணையிலிருந்து கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்லும் முறையை நாற்பது நிமிடம் அவர் விளக்க, யாம் பதிந்து வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் அம்மரபில் அவர் நன்கு பழகியவர். தேடினோம், கிடைக்கவில்லை. அப்பதிவுக்கு யாம் பெயரிட்டிருக்கவில்லை. கருவி தானாக இட்ட நாளும் எண்ணுமே அதன் பெயர். அன்று மண்டபத்தில் நீக்கியவற்றுள் அதுவும் ஒன்று. அம்மையாரிடம் அதனைச் சொல்லுதற்கு எமக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது.

பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். அவ்வொலிப்பதிவு நொடிக்கு 32,000 பிற்று வீதம் எழுதப்பட்டது. எட்டுப் பிற்று கொண்டது ஒரு பைற்று. ஆதலின் நொடிக்கு 4,000 பைற்று. நாற்பது நிமிடம் என்பது 2,400 நொடி. பெருக்கினால் 96 இலட்சம் பைற்று, அஃதாவது 9.6 மெகாபைற்று வரும். இக்காலத்துக் கைத்தொலைபேசியில் தெளிவான காணொளி நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 100 மெகாபைற்றைக் கொள்ளும். பண்டிதரின் நாற்பது நிமிடத்தை அழித்து யாம் பெற்ற இடம், காணொளியில் ஆறு நொடிக்கே போதுமானது. வரவேற்புப் பாடலின் முதலடி முடியவும் அது போதாது.

எழுத்தும் குரலும் மிகச் சிறிய இடத்தில் அடங்குவன. அவையே பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காதன. படமும் காணொளியும் பேரிடம் கொள்வன. அவற்றுட் பெரும்பகுதி ஊரெல்லாம் உலவுவன. இடம் வேண்டியபோது நாமோ சிறியதையும் அரியதையும் முதலில் அழிக்கின்றோம். அவற்றின் அளவை அறியாமையே அதற்குக் காரணம்.

அளவை அறிவதற்குத் தமிழெழுத்தையே எடுத்துக்கொள்வோம். கணனிகள் இன்று பொதுவாகக் கையாளும் ஒருங்குறி முறையில், கோப்பாக எழுதும்போது ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றைக் கொள்ளும்; தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றைக் கொள்ளும். இலக்கண மாணாக்கர் ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். நமக்குக் ககர மெய்யே தனியெழுத்து. அதனோடு அகரம் சேரக் ககர உயிர்மெய் பிறக்கும். கணனியிலோ இது தலைகீழாகும். உயிர்மெய்யாகிய ‘க’ ஒரே குறி. ‘க்’ என்பது அக்குறியும் புள்ளியும் சேர்ந்த இரு குறி. (இம்முறையை வகுத்தோர் நன்னூலை நோக்கவில்லை போலும்.) எனவே ‘தமிழ்’ என்னுஞ் சொல் ஐந்து குறியாய்ப் பதினைந்து பைற்றுப் பெறும்.

மும்மடங்கு இடம் பெறுவதால் தமிழ் இடத்தை விழுங்குகின்றது என அஞ்சற்க. திருக்குறள் 1,330 பாக்களையும் தட்டெழுதி வைப்பின், அனைத்தும் 300 கிலோபைற்றுக்குள் அடங்கும். கைத்தொலைபேசியில் எடுத்த நிழற்படமொன்று மூன்று அல்லது நான்கு மெகாபைற்று ஆதல் இயல்பு. பூக்குவளையின்மேல் ‘காலை வணக்கம்’ எனப் பொறித்த படத்தை அந்நிலையில் வைத்திருப்பவர், பத்துத் திருக்குறளுக்குரிய இடத்தை அதற்கு ஈந்தவராவார்.

இனி, கருவியினுள் இடம் எவ்வாறு செலவாகின்றது எனக் காண்போம். எம்மிடமுள்ளது 32 கிகாபைற்றுக் கருவி. பெட்டியில் எழுதப்பட்ட அவ்வெண் 3,200 கோடி பைற்றைக் குறிப்பது. சில கணனிகள் 107 கோடிக்குச் சற்று மிகுந்த தொகையை ஒரு கிகாபைற்றாகக் கொண்டு எண்ணுவதால், அவற்றில் 29.8 என்றே தோன்றும். வணிகர் ஏமாற்றினார் என்று சினக்க வேண்டுவதில்லை. அளவுகோல் இரண்டாயிருப்பதே காரணம். அதன்பின் இயங்குதளமும் அதனோடு வந்த செயலிகளும் எமது கருவியில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவிட்டன. எஞ்சியதில் ஏழு கிகாபைற்று வட்ஸ்அப் செயலியின் கோப்புறையிற் கிடந்தது. நாமே அனுப்பிய படங்களுக்குக்கூட அங்கே வேறொரு படி இருப்பதைக் கண்டு வியந்தோம். நிழற்படத் தொகுப்பில் ஒன்று; அனுப்பியவற்றின் கோப்புறையில் மற்றொன்று.

ஆகவே களையெடுப்பு அங்கே தொடங்குதல் தகும். அச்செயலியின் அமைப்புகளிற் சேமிப்பை நிர்வகிக்கும் பகுதி ஒன்றுண்டு. 5 மெகாபைற்றுக்கு மேற்பட்டவற்றையும், பலமுறை கைமாறி வந்தவற்றையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டும். கைமாறி வந்தவற்றை அழிக்க எவரும் தயங்க வேண்டுவதில்லை. அவை நாளையும் வரும். படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்திவிடின் வரவும் குறையும். குழுக்கள் பலவற்றில் உறுப்பினராயிருக்கும் பழைய மாணவர்க்கு இவ்வொன்றே பெரும்பயன் தரும். பயன்படுத்தாத செயலிகளை நீக்குவது யாவரும் அறிந்ததே.

ஓரிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். செயலியொன்றின் தற்காலிகக் கோப்புகளை அழித்தல் வேறு. அதன் தரவு முழுவதையும் அழித்தல் வேறு. முன்னையது தீங்கற்றது, வேண்டியவற்றைச் செயலி மீண்டும் ஆக்கிக்கொள்ளும். பின்னையதை அமுக்கினால் உரையாடல்கள், குறிப்புகள், அமைப்புகள் யாவும் ஒழியும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பன. கண்ணாடி அணிந்தே அப்பக்கத்தைத் திறக்க.

அழித்ததை மீட்கலாமோ என எம்மிடம் வினவியோர் பலர். இக்கருவிகளில் உள்ளது பிளாஷ் நினைவகம். யப்பானியப் பொறியியலாளரான புஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றியபோது 1984இல் அதனை உலகுக்கு அறிவித்தார். இன்று பெருவழக்கிலுள்ள வகையை 1987இல் வெளியிட்டார். நுண்ணிய சிறைகளில் இலத்திரன்களை அடைத்து வைத்தலே அதன் இயல்பு. அதில் எழுதுவது சிறு பகுதிகளாக, அழிப்பதோ பெருந்தொகுதிகளாக. ஒரே வீச்சில் அழியும் அத்தன்மை நிழற்படக் கருவியின் மின்னொளியை நினைவூட்டியதாலேயே அப்பெயர் வந்தது. வேண்டும் பகுதிகளை வேறிடத்துக்கு மாற்றி, வேண்டாத தொகுதியை வெறுமையாக்கக் கருவிக்குச் சிறிது வெற்றிடம் தேவை. இடம் முழுவதும் நிரம்பியபோது கருவி தளர்ந்து நடப்பது அதனாலேயாம். பத்திலொரு பங்கையேனும் ஒழித்து வைத்தலை யாம் இப்போது வழக்கமாகக் கொண்டுள்ளோம். குப்பைக்கூடையில் உள்ளவரை கோப்பு மீளும்; நிழற்படங்களாயின் அக்காலம் பொதுவாக முப்பது நாள் அல்லது அறுபது நாள். அதனையும் கடந்துவிட்டால், உள்ளடக்கம் மறைகுறியாக்கி வைக்கப்படும் இக்காலத்துக் கருவிகளில் மீட்பது பெரும்பாலும் இயலாது. எமது பதிவைத் தாங்கிய இடத்தின்மேல் இப்போது வேறெதுவோ இருக்கின்றது.

அழியாமலே இடம் மிச்சப்படுத்தும் வழியொன்றுண்டு, அது சுருக்குதல். இதில் நம் முன்னோர் வல்லவர். பனையோலையில் எழுதியோர் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. செய்யுளை அடிபிரித்து எழுதாது, ஓலையின் இருபுறமும் வரி நிறையத் தொடர்ந்தே எழுதிச் சென்றனர். இடம் மிச்சமாயிற்று, எழுத்தாணி ஓலையைத் துளைப்பதும் குறைந்தது. ஆயினும் எகரமோ ஏகாரமோ, ரகரமோ காலோ என்று பின்வந்தோர் மயங்கினர். பாடபேதங்கள் பலவற்றுக்கு அச்சிக்கனமும் ஒரு காரணம்.

இன்றைய சுருக்கத்திலும் இரு வகையுண்டு. மீண்டும் விரிக்கும்போது ஓரெழுத்தும் குறையாது தருவது ஒன்று. கண்ணுக்கும் காதுக்கும் எளிதிற் புலப்படாதவற்றைக் கழித்துவிடுவது மற்றொன்று. நிழற்படமும் ஒலியும் பெரும்பாலும் இரண்டாம் வகையாற் சுருக்கப்படுவன. வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்புவது மேலுஞ் சிறிதாகியே சேரும். விருந்துப் படத்துக்கு அதனாற் குறையில்லை. பழைய ஏட்டையோ காணி உறுதியையோ பல்கலைக்கழகத்துக்கு அவ்வாறு அனுப்பினால், பெற்றவர் பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்து மங்கிக் கரையும். அத்தகையவற்றை ஆவணமாக இணைத்து அனுப்புக; அவ்வாறு அனுப்பின் மூலம் மாறாது சேரும்.

இடம் பெறுதற்காகப் பலர் முகிற் சேமிப்பை நாடுகின்றனர். முகில் என்பது வேறோரிடத்திலுள்ள பிறருடைய கணனியே. கூகுள் நிறுவனம் சுருக்கிய படங்களை முன்னர்க் கணக்கின்றி ஏற்றது. 2021 யூன் 1 முதல் அவற்றையும் மின்னஞ்சலோடு சேர்த்து 15 கிகாபைற்று என்னும் இலவச அளவினுள் எண்ணத் தொடங்கியது. அங்கும் ஒரு பொறியுண்டு. படங்கள் மேலேறிய பின், கருவியிலுள்ள படிகளை மட்டும் நீக்கி இடத்தை விடுவிக்கும் கட்டளை வேறு. வெறுமனே ‘அழி’ என்று கட்டளையிட்டால் முகிலில் உள்ளதும் சேர்ந்தே அழியும். இவ்வேறுபாட்டை அறியாது திருமணப் படங்களை இழந்த இல்லமொன்றை யாம் அறிவோம். மைக்ரோ எஸ்டி அட்டை வாங்குவோரும் ஏமாறுகின்றனர். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகளுள. உண்மை அளவு கடந்ததும் அவற்றில் எழுதியது நிலையாது. வாங்கியவுடன் முழுவதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பின்னரே அரியவற்றை அதில் வைக்க.

ஒரே படியாய் இருப்பது எங்கிருப்பினும் இடரே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் சிதைந்து ஒழிந்துகொண்டிருந்த நிலைகண்டு வருந்தினார்கள். ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதை அறிந்தே முன்னோர் படியெடுத்தனர். படியெடுப்பார் இல்லாத நூல்கள் மறைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களோடு, வேறு படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி யாவர்க்கும் திறந்து வைத்துவருவது, அவ்விழப்பை அறிந்த தலைமுறையினர் செய்யும் படியெடுப்பேயாம். இவையனைத்தையும் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவர் யாம். சொல்லிக்கொண்டே, ஆசிரியரின் குரலை ஒரே படியாய்ப் பெயருமின்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தோம்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அந்தக் கிழமையிற் பதிந்தவற்றை எடுத்து, யார், எங்கே, எந்நாள் எனப் பெயரிட்டு, வீட்டுக் கணனியில் ஒரு படியும் தம்பி இல்லத்தில் மற்றொரு படியும் வைக்கின்றோம். அதன் பின்னரே கருவியில் உள்ளதை நீக்குகின்றோம். கால் மணி நேர வேலை.

எமது பண்டிதரிடம் கற்ற பழைய மாணவர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உளர். அவர் கல்லூரி விழாக்களிலும் கோயில்களிலும் உரையாற்றியதை உங்களிற் சிலர் பதிந்திருத்தல் கூடும். இவ்விதழைப் படித்தவுடன் கைத்தொலைபேசியிற் பெயரற்றுக் கிடக்கும் ஒலிக்கோப்புகளை ஒருமுறை திறந்து கேளுங்கள். அவர் குரல் ஐந்து நிமிடமேனும் அகப்படின், முதலில் வேறொரு படி எடுத்து வையுங்கள். பின்னர் ஆவணமாக இணைத்துக் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு அனுப்புங்கள். மகளார்க்கு அதனைக் கொண்டுசென்று கொடுப்பது எம் பொறுப்பு.