கம்பளியால் எழுந்த மடம்

அன்புள்ள கயலுக்கு,

‘ஃபவுண்டன்ஸ் மடத்தை அழித்தது எட்டாம் ஹென்றிதானே?’ என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் அதற்கு முன் 400 ஆண்டுகள் அங்கே என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் அந்தப் பதிலால் பயனில்லை.

1132இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த புனித மரியாள் மடத்தில் 13 துறவிகள் மனம் பொறுக்காமல் எழுந்தார்கள். புனித பெனடிக்ட் வகுத்த எளிமை தங்கள் மடத்தில் இல்லை என்பது அவர்கள் குறை. சச்சரவு முற்றியது. பேராயர் தர்ஸ்டன் அவர்களை வெளியே அழைத்துவந்து, ரிப்பன் ஊருக்கு அருகே, ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முள்ளும் பாறையுமாகக் கிடந்த இடத்தைக் கொடுத்தார்; அங்கே எழுந்ததுதான் ஃபவுண்டன்ஸ். முதல் குளிர்காலத்தில் ஓர் எல்ம் மரத்தடிதான் வீடு என்கிறது மடத்தின் பழைய வரலாறு. விரைவிலேயே சிஸ்டெர்சியன் சபையில் சேர்ந்தார்கள். சாயமேற்றாத கம்பளி அங்கி, இறைச்சியில்லாத உணவு, நள்ளிரவு கழிந்ததும் எழுந்து ஜெபம்.

அடுத்தவர் உழைப்பில் வாழக் கூடாது என்பது அந்தச் சபையின் பிடிவாதம். பொழுதெல்லாம் ஜெபத்தில் இருப்பவர்கள் நிலத்தை எப்படிப் பார்ப்பார்கள்? அதற்காகவே உழைப்புச் சகோதரர்கள் என்றொரு பிரிவு இருந்தது. இவர்களும் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களே. பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லை; கோயிலிலும் அவர்களுக்குத் தனியிடம்தான். யார்க்ஷயர் மலைச்சரிவுகளில் மடத்தின் ஆடுகளை மேய்த்தவர்கள், பண்ணைகளை நடத்தியவர்கள் இவர்கள்தான்.

என்றாவது அங்கே போனால் மேற்குப் பக்கத்துப் பண்டசாலைக்குள் முதலில் நுழை. ஏறக்குறைய 90 மீட்டர் நீளம். நடுவே வரிசையாகத் தூண்கள். போதிகை எதுவும் இல்லாமல் கல் அப்படியே கிளைத்து விரிந்து கூரையாகிறது. கீழே சரக்கறையும் சகோதரர்களின் உணவுக்கூடமும், மேலே அவர்கள் படுக்கையிடமும் இருந்தன. மடத்தின் கோயிலைவிட இந்த இடமே எனக்கு அதிகம் சொல்கிறது.

ஏழ்மையைத் தேடி வந்தவர்களைச் செல்வம் தேடி வந்தது. தங்களுக்கென்று செலவில்லை, கூலியும் இல்லை, ஆடுகளோ பெருகின. இத்தாலிய வணிகர்கள் கம்பளிக்குப் போட்டி போட்டார்கள். இன்னும் வெட்டாத ரோமத்தைத் துறவிகள் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விற்றுப் பணம் வாங்கினார்கள். இன்று நாம் முன்பேர வணிகம் என்கிறோமே, அதேதான். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடுகளுக்குச் சொறிநோய் வந்தது. கொடுப்பதாகச் சொன்ன கம்பளி இல்லை, கடன் ஏறியது. அடுத்த நூற்றாண்டில் கொள்ளைநோய் ஆட்களையும் கொண்டுபோனது. உழைக்கும் சகோதரர்கள் குறைய, நிலங்களைக் குத்தகைக்கு விட்டார்கள். எதை வேண்டாம் என்று சொல்லித் தொடங்கினார்களோ, அதிலேயே வாழ வேண்டியதாயிற்று. அவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அடியும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும்.

மடாதிபதி மார்மடியூக் ஹியூபி 1500ஐ ஒட்டிக் கட்டிய கோபுரம் சுமார் 50 மீட்டர் உயரம். இத்தனைக்கும், கல்லில் மணிக்கோபுரம் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே சபை விதித்திருந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 1536இல் எட்டாம் ஹென்றி மடங்களை மூடுவதை எதிர்த்து வடக்கே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதில் சேர்ந்ததாக முன்னாள் மடாதிபதி வில்லியம் தர்ஸ்க்கை 1537இல் டைபர்னில் தூக்கிலிட்டார்கள். 1539 நவம்பரில் கடைசி மடாதிபதி மடத்தை அரசரிடம் ஒப்படைத்தார். அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மறு ஆண்டு மடம் லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷமுக்கு விலைபோனது. கூரையின் ஈயம் விலைமதிப்புள்ளது, அதனால் அதை உரித்தார்கள். ஈயம் போனால் மழை உள்ளே. மழைநீர் சுவரில் இறங்கி உறைந்தால் கல் பிளக்கும். 1600ஐ ஒட்டி ஸ்டீபன் ப்ராக்டர் என்பவர் மடத்துக் கற்களை எடுத்துப் பக்கத்திலேயே மாளிகை கட்டினார். 1760களில் வில்லியம் ஐஸ்லபி இந்த இடிபாடுகளை விலைக்கு வாங்கிப் பக்கத்திலிருந்த தன் நீர்த்தோட்டத்தின் காட்சியாக்கினார். அழகுக்காக அவர் வைத்துக்கொண்டதால்தான் மிச்சக் கற்களும் வண்டியேறாமல் தப்பின.

அன்புடன்,
மாமா