தாபோர் மலையும் பொங்கோல் எல்ஆர்டியும்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். "ஞாயிறு பூசையில் மனசு நிறைந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை எல்ஆர்டி ரயிலில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது ஆண்டவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை சித்தி" என்று போனில் சொன்னாய். அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

2017இல் பொங்கோலில் திறக்கப்பட்ட உன் பங்குக் கோவில் ஆண்டவரின் உருமாற்றத்தின் பெயர் தாங்கியது. அதன் திருநாள் ஆகஸ்ட் 6. நற்செய்தியில் அந்த நிகழ்ச்சியைக் கடைசிவரை வாசித்துப் பார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் இயேசு, தாபோர் என்று மரபு சொல்லும் மலைமேல் கூட்டிப் போகிறார். அவர் முகம் ஒளிமயமாகிறது. பேதுருவுக்கு அங்கேயே தங்கிவிட ஆசை, கூடாரம் அடிக்கட்டுமா என்று கேட்கிறார். ஆண்டவரோ அவர்களைக் கீழே அழைத்து வருகிறார். அடிவாரத்தில் வலிப்பில் துடிக்கும் ஒரு பையன், கலங்கி நிற்கும் தகப்பன், கூச்சலிடும் கூட்டம். மலையில் ஒளிர்ந்தவர்தான் அந்தப் பையனின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார்.

பூசை உனக்கு மலை, எல்ஆர்டி அடிவாரம். நற்கருணை வாங்கிய நீ அவரைக் கோவிலில் விட்டுவிட்டு வருவதில்லை. அவரும் உன்னோடு இறங்கி வருகிறார். உலகை மீட்க வந்தவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நாசரேத்தில் தச்சுவேலையில் கழித்தார் என்பதை நினைத்துக்கொள். நம் அன்றாடம் அவருக்குப் புதிதல்ல.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காயப்பட்டு வந்த சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு, அவருக்குப் பிடிக்காத வேலை. அதைக் கடவுளுக்காகச் செய்கிறேன் என்று பழகிப் பழகி, சட்டி பானைகளின் சத்தத்திலும் கோவிலில் முழந்தாளிட்டிருக்கும் அமைதியை அடைந்தார். 1691இல் இறந்தார். அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றும் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். அவருக்கும் முதல் பத்து ஆண்டுகள் வேதனையாகவே கழிந்தன. ஆகவே ஒரு வாரத்தில் சோர்ந்துவிடாதே.

நீ செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, மனவல்லயச் செபம். உன் பாட்டி அரிசி களையும்போது பார்த்திருக்கிறாயா? தண்ணீரை வடிக்கும் ஒவ்வொரு தடவையும் "இயேசு மரி சூசை" என்று உதடு அசையும். மூன்றே சொற்கள்தான், ஆனால் அந்த உலையில் வேகும் சோறு எங்கள் எல்லோருக்குமான செபமாகிவிடும். நீ எல்ஆர்டி கதவு மூடும்போது சொல், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது சொல். கைபேசியை எடுப்பதற்கு முன் சொல்.

இரண்டாவது, உணவங்காடியில் சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம். உன் மேசையில் முஸ்லிம் தோழியும் சீனத் தோழியும் இருப்பார்கள். கூச்சப்படாதே, காட்டிக்கொள்ளவும் வேண்டாம். எப்போதும் போல் நெற்றியில் கை வை. பிறகு தட்டைத் திருப்பி வைக்கும்போது, அங்கே மேசை துடைக்கும் வயதான ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்து நன்றி சொல். மிகச் சிறியவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, இரவில் ஆன்ம சோதனை. இது புனித இஞ்ஞாசியார் தம் இயேசு சபையாருக்குக் கொடுத்த பயிற்சி. விளக்கை அணைத்தபின் ஐந்து நிமிடம் போதும். தூய ஆவியிடம் வெளிச்சம் கேள். காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினை. நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல். அம்மாவிடம் எரிந்து விழுந்திருந்தால் மன்னிப்புக் கேள். நாளைக்கு ஒரு காரியத்தை மட்டும் தீர்மானி. அந்த நேரத்தில் கவனிக்காமல் விட்ட ஆண்டவரின் வருகையை, திரும்பிப் பார்க்கும்போதுதான் பல நாள் கண்டுகொள்வாய்.

எதுவும் உணராத நாள்களும் வரும். உணர்ச்சி வற்றினால் அவர் போய்விட்டார் என்று முடிவுகட்டாதே. விசுவாசம் நம் மனநிலையைப் பொறுத்ததன்று. அன்றைக்கும் அதே மூன்றையும் செய்.

வரும் ஞாயிறு என்னோடு ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கு வா. பொங்கோலில் ஏறினால் லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்துவிடலாம். 1888இல் இந்தியக் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோவில் அது. தமிழ்ப் பூசையில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வாரம் முழுக்க உழைத்த அண்ணன்மார், தேய்த்த சட்டை போட்டு நிற்பார்கள். காணிக்கை நேரத்தில் சாமியார் அப்பத்தை உயர்த்தி, நிலத்தின் விளைச்சலையும் மனித உழைப்பையும் சேர்த்தே கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பார். அவர்கள் உழைப்பு அந்தத் தட்டில் இருக்கிறது. உன் வாரமும் அதில் இருக்கட்டும். எல்ஆர்டி நெரிசலையும் பரீட்சைப் பயத்தையும் அந்த ஆன்ட்டியின் முகத்தையும் பெயர் சொல்லி அங்கே வை. அப்படி வைக்கப் பழகிவிட்டால், திங்கட்கிழமையும் பூசையின் பங்காகிவிடும்.

இயேசு மரி சூசை துணை.

அன்புடன்,
சித்தி