குடியை நிறுத்தியவரின் இரவு

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா குடியை விட்டு மூன்று வாரமாகிறது, குடித்த காலத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கியவர் இப்போது விடிய விடிய ஹாலில் நடக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பெரியப்பா வந்து, "ஒரேயடியா நிறுத்தினா இப்படித்தான் ஆகும். ராத்திரிக்கு மட்டும் ஒரு கட்டிங் போட்டுக்கட்டும்" என்று யோசனை சொன்னாராம், அம்மாவும் பாதி சம்மதித்துவிட்டாராம். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மணிக்குக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கு எந்த யோசனையும் நல்ல யோசனையாகத்தான் படும்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. மது உள்ளே போனால் கண் சொருகும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு மது வலுவூட்டுகிறது. மூளையைத் தூண்டிவிடும் குளூட்டமேட்டை அடக்கி வைக்கிறது. ஆனால் உடல் அந்த மதுவைச் செரித்துத் தீர்க்க இரவின் முன்பாதி போதும். அதன்பின் விழிப்பு, வியர்வை, தாகம், அரைகுறைத் தூக்கம். குடித்துவிட்டு அப்பா தூங்கிய தூக்கமும் நல்ல தூக்கமாக இருந்திருக்காது. நீங்கள் பார்த்தது அதன் முதல் சில மணி நேரத்தை.

வருடக்கணக்கில் தினமும் இப்படி அடக்கப்பட்ட மூளை சும்மா இருப்பதில்லை. ஈடுகட்ட எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடும். கயிறிழுக்கும் போட்டியில் ஒரு அணி சட்டென்று கயிற்றை விட்டால் மறு அணி என்ன ஆகுமோ, அதுதான் குடியை நிறுத்தியவரின் நரம்புகளுக்கும் நடக்கிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கடும் நடுக்கம், மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று டெலிரியம் ட்ரெமென்ஸ் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது. அப்பா மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தியதால் அந்தக் கண்டம் தாண்டியாயிற்று. ஆனால் தெருவில் வேறு யாராவது பல வருடக் குடியை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறேன் என்று கிளம்பினால், பாராட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் அனுப்பு.

மிச்சமிருப்பது தூக்கம். உடம்பில் மற்றதெல்லாம் தேறிய பிறகும் கடைசியாகத் திரும்புவது பெரும்பாலும் இதுதான். பலருக்குச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். மது அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கமும் இந்த நாட்களில் பெருகி வரும். கனவில் குடித்துவிட்டு, நிஜமாகவே குடித்துவிட்டோமோ என்று பதறி எழுந்து உட்காருபவர்கள் ஏராளம். அப்பாவும் அப்படி எழுந்தால், மனதுக்குள் இன்னும் ஆசை ஒளிந்திருக்கிறது என்று யாரும் பொருள் சொல்ல வேண்டாம்.

உன் வகுப்பில் கஞ்சாவை விட்டவர் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அவருக்கும் இதே கதைதான். நிறுத்திய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தூக்கம் கெடத் தொடங்கும், கனவுகள் உக்கிரமாக வரும், ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம். ஹெராயின், அபின் வகை வலி மாத்திரை போன்றவற்றை விட்டவர்களுக்கு உடல்வலியும் கால் குடைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

தூக்கமில்லாவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள், பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிர்க் ப்ரோவர் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த 172 பேரை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 61 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை இருந்தது. சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களில், தூக்கமின்மை இருந்தவர்களில் 60 சதவீதம் பேர் மறுபடி குடித்தார்கள். அது இல்லாதவர்களில் 30 சதவீதம் பேர்தான். ஆகவே தூக்கத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இந்த அபாயத்துக்குக் கடிகார நேரமே உண்டு. டாஸ்மாக் இரவு 10 மணிக்குச் சாத்துகிறது, மறுநாள் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. இன்றைக்கும் தூக்கம் வராது என்ற பயம் ஒன்பதரை மணிக்கு வந்தால் கடைக்குப் போக அரை மணி நேரம் பாக்கி. அந்த நேரத்தைத் தாண்டி இரவு முழுக்க விழித்துக் கிடந்தவர், அடுத்த பகல் 12 மணிக்கு எரிந்து விழும் மனநிலையில், சலித்துப்போய் நிற்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது, குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் பழைய வழக்கம். ஆக, இரவு இரண்டு மணியைவிட இந்த இரண்டு நேரங்களில்தான் வீட்டுக்கு அதிகக் கவனம் தேவை. ஒன்பது மணிக்குச் சாப்பாடு, பேச்சு, கூட்டத்து நண்பருக்கு ஒரு போன். பகலில் ஒரு வேலை, பக்கத்தில் ஒரு ஆள்.

குடிப்பவர்கள் தூக்கமின்மைக்கு வேறு காரணம் தேடுவதில் கெட்டிக்காரர்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1934 டிசம்பரில் எஸ்குவயர் இதழில் தன் தூக்கமற்ற இரவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் ஹோட்டல் அறையில் வந்த ஒற்றைக் கொசுவில்தான் எல்லாம் தொடங்கியதாம். அவர் குடித்த அளவை அறிந்தவர்களுக்கு அந்தக் கொசுவின் மேல் இரக்கம் வரும். 1940இல், 44 வயதில் இறந்துபோனார்.

இனி, என்ன செய்யலாம்? வீட்டில் எல்லாரும் அன்பாகச் சொல்லும் "பேசாம கண்ணை மூடிப் படுங்க" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான அறிவுரை. விழித்தபடி புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே அவஸ்தை என்று மூளை பழகிக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இலேயே இதற்கு மாற்று வழி சொன்னார். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல், குத்துமதிப்பாகவே. வேறு அறைக்குப் போய், மறுபடி கண் அசந்ததும் திரும்ப வேண்டும். எத்தனை முறை எழுந்தாலும், எத்தனை குறைவாகத் தூங்கினாலும், காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. பகல் தூக்கம் கிடையாது.

உங்கள் வீடு போல் ஓர் அறையும் ஹாலும் உள்ள இடத்தில் இதற்கு முன்னேற்பாடு வேண்டும். ஹாலில் ஒரு நாற்காலி, மங்கலான விளக்கு, அலுப்பூட்டும் ஏதாவது வேலை. முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுக்கலாம், பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம். செல்போனும் டிவியும் வேண்டாம். அப்பா எழுந்து வெளியே வந்தால் "என்னாச்சு?" என்று நீயும் அம்மாவும் பின்னாலேயே வர வேண்டாம். அவர் சிகிச்சையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இதற்கு அடுத்த படியை ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் விளக்கினார். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். பத்து மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுபவர் நடுவில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையே ஐந்தரையாகக் குறைத்துவிட வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுப்பது, வழக்கம்போல் ஆறுக்கு எழுவது. சில நாளில் தூக்கம் கெட்டிப்படும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்கத் தொடங்கியதும் கால் மணி கால் மணியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு வந்தவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. இந்த இரண்டு முறையும் அடங்கிய சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

மாத்திரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆல்ப்ரசோலம் போன்றவை மது தொட்ட அதே காபாவைத்தான் தொடுகின்றன. ஒன்றை விட்டவர் இன்னொன்றில் மாட்டுவது சகஜம், மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். பக்கத்து வீட்டு மாமி எழுதி வாங்கிய பட்டையிலிருந்து இரண்டு கிழித்துத் தரும் வழக்கம் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தவை வேறு விஷயம். அவற்றைத் தானாக நிறுத்தவும் கூடாது. நல்ல மாத்திரையிலும் கவனம் வேண்டும். மது நிறுத்தியவர்களுக்கு டிராசோடோன் கொடுத்துப் பார்த்த 2008 ஆய்வில், தூக்கம் மேம்பட்டது. ஆனால் குடி குறையவில்லை, மாத்திரையை நிறுத்திய பின் கூடவே செய்தது.

டீயும் பீடியும் சின்ன விஷயமாகத் தெரியும். குடியை விட்டவர்கள் இரண்டையும் ஏற்றிக்கொள்வார்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணி டீயில் பாதி ஒன்பது மணிக்கும் அப்பாவுக்குள்ளேயே இருக்கும். டீயை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

உன் தூக்கமும் அம்மாவின் தூக்கமும் கணக்கில் வர வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான் 1951இல் குடும்பத்தினருக்கென்று அல்-அனான் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். சென்னையில் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையிலும் குடும்பத்தினருக்கான பயிற்சி சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கிறது. அடுத்த முறை அப்பா சிகிச்சைக்குப் போகும்போது அம்மாவும் அப்படியொரு பயிற்சியில் போய் உட்காரட்டும். அப்பா வாழ்வே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசினால் காத்திருக்காதே. டெலி மனஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கு 14446 தனியாக இருக்கிறது.

உனக்கு ஒரு வேலை. பழைய நோட்டு ஒன்றில் தினமும் காலையில் அப்பாவையே எழுதச் சொல்: எத்தனை மணிக்குப் படுத்தார், உத்தேசமாக எப்போது தூங்கினார், எத்தனை முறை எழுந்தார், எப்போது எழுந்து வேலையைத் தொடங்கினார், டீ எத்தனை. இரண்டு வாரம் போதும். அம்மாவிடமும் ஒன்று கேள்: குறட்டை பலமாக விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனையும் தனிச் சிகிச்சையும் இருக்கின்றன. மேலே சொன்ன எந்த முறையும் அதைத் தீர்க்காது. அந்த நோட்டோடு சேர்த்து இதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உன் நலம் விரும்பும் மூத்தவள்